வண்டி கெட்டால் யார் குற்றம்?

கார் என்றால் நம் ஊரில் எல்லோருக்கும் ஓர் அபிப்பிராயம் உண்டு. வைத்திருப்பவனுக்கு ஒன்று என்றால் வைத்திராதவனுக்கு இரண்டு. மில் கேட்டில் ஷிப்டு மாறும் நேரத்தில் கேட்டுப் பாருங்கள். களத்துமேட்டில் கேட்டுப் பாருங்கள். “அந்தக் காலத்து வண்டி இரும்பு, இந்தக் காலத்து வண்டி தகரம்” என்பார் ஒருவர். “வண்டி நல்ல வண்டிதான், ஓட்டினவன் குடித்திருப்பான்” என்பார் இன்னொருவர். “ஜப்பான்காரன் செய்தால் தேயாது, நம் ஆள் செய்தால் ஆறு மாதம் தாங்காது, நம்மவனுக்கு வேலையில் சிரத்தை கிடையாது” என்று தீர்ப்பே சொல்லிவிடுவார் மற்றொருவர். கடைசியாகச் சொல்கிறவர் பல சமயங்களில் தாமே ஒரு தொழிலாளியாக இருப்பார் என்பதுதான் வேடிக்கை.

இந்தப் பேச்சில் பழைய வண்டி வருகிறது, டிரைவர் வருகிறார், தொழிலாளி வருகிறார். வண்டி எப்படி இருக்கவேண்டும் என்று தீர்மானித்தவர் மட்டும் வருவதே இல்லை. எந்தத் தகடு, எத்தனை கனம், எங்கே வெல்டிங், எந்தச் சாமானை வைப்பது, எதை விட்டுவிடுவது என்று மேஜையைச் சுற்றி உட்கார்ந்து கணக்குப் போட்டவர்கள் நம் பேச்சிலிருந்து சுலபமாகத் தப்பித்துக் கொள்கிறார்கள். அவர்களையும் கொஞ்சம் பேச்சுக்குள் இழுத்துவருவோம்.

“நமக்குக் கார் ஏது? இந்த ஆராய்ச்சி நமக்கு எதற்கு?” என்று சில தோழர்கள் கேட்கலாம். நியாயமான கேள்விதான். 2022-ம் வருஷத்தில் இந்திய ரோடுகளில் செத்தவர்கள் 1,68,491 பேர் என்று மத்திய சர்க்காரே கணக்குக் கொடுத்திருக்கிறது. இவர்களில் 100-க்கு 44 பேருக்கு மேல் இரு சக்கர வண்டியில் போனவர்கள். 100-க்கு 19 பேருக்கு மேல் நடந்து போனவர்கள். அதாவது, இரவு ஷிப்டு முடிந்து வீட்டுக்குப் போகிறவன், நடவுக்குக் கிளம்பி ரோட்டோரமாக நடக்கிறவள், இவர்கள்தான் சாவில் பெரும் பங்கு. கார் நம்முடையது அல்லதான். மோதும்போது நம்மீதுதான் மோதுகிறது. அதைச் செய்வதும் நம் பிள்ளைகளே. ஸ்ரீபெரும்புதூர், ஒரகடம் பக்கத்துத் தொழிற்சாலைகளுக்குக் காலையில் போகும் கம்பெனி பஸ்களில் எட்டிப் பாருங்கள். ஐ.டி.ஐ. முடித்துவிட்டுக் கிராமத்திலிருந்து வந்து, ஓர் அறையில் ஆறு பேராகத் தங்கி, டிரெயினி என்றும் கான்டிராக்டு என்றும் பெயர் வாங்கியிருக்கும் பையன்கள் தூங்கிக்கொண்டு போவார்கள். ஆகவே நமக்கும் இந்த விஷயத்தில் வாய் திறக்க உரிமை உண்டு.

முதலில் அந்தப் பழைய இரும்புக் கதையைப் பார்ப்போம். பானெட்டைத் தட்டிப் பார்த்து “டங்” என்று சத்தம் வந்தால் நல்ல வண்டி, “டப்” என்று வந்தால் தகர டப்பா என்று ஒரு பரீட்சை நம்மிடம் உண்டு. இதற்கு அமெரிக்காவில் 2009-ம் வருஷம் பதில் கிடைத்துவிட்டது. அங்கே இன்ஷுரன்ஸ் கம்பெனிகள் பணம் போட்டு நடத்தும் ஒரு ரோடு பாதுகாப்பு நிறுவனம், 1959-ம் வருஷத்து ஷெவர்லே பெல் ஏர் கார் ஒன்றையும், அதே ஷெவர்லே பெயரில் வந்த 2009-ம் வருஷத்து மாலிபு கார் ஒன்றையும் எதிரெதிராக, மணிக்கு 64 கிலோமீட்டர் வேகத்தில் மோதவிட்டது. டிரைவர் சீட்டில் மனிதனுக்குப் பதில் பொம்மை. பழைய பெல் ஏர் பார்வைக்கு யானை. ஆனால் மோதியதும் ஆள் உட்காரும் கூடே நசுங்கிப்போய், ஸ்டியரிங் பின்னால் வந்து, பொம்மையின் தலை அதில் மோதிற்று. மனிதனாக இருந்தால் அந்த இடத்திலேயே முடிந்திருப்பான். புது வண்டியில் இருந்தவனுக்குக் காலில்தான் காயம் பட்டிருக்கும்.

காரணம் மந்திரம் அல்ல. முன்பக்கம் நசுங்கவேண்டும் என்றே வரைந்து, நசுங்கும்படியே செய்கிறார்கள். மோதலின் அடியை அது குடித்துவிடுகிறது. உட்காரும் கூடு மட்டும் நசுங்கக் கூடாது. அதற்குப் பலமான எஃகு, சரியான இடத்தில் வெல்டிங், அதற்குமேல் சீட் பெல்ட், மோதியவுடன் உப்பி முகத்தைத் தாங்கும் காற்றுப்பை. ஆக, தட்டிப் பார்க்கிற முன்தகடு ஒன்றையும் சொல்லாது. உயிரைக் காப்பதெல்லாம் உள்ளே, கண்ணுக்குத் தெரியாத இடத்தில் இருக்கிறது. கண்ணுக்குத் தெரியாத இடம் என்றால் முதலாளிக்கு எப்போதுமே பிரியமான இடம்! சேலைக்கு முந்தானையில் நல்ல நூலைப் போட்டு, மடிப்புக்குள் மட்ட நூலை ஓட்டுகிற வித்தை நெசவு தெரிந்தவர்களுக்கு நான் சொல்லவேண்டியதில்லை.

நம் ஊர்ச் சமாசாரத்துக்கு வருவோம். ஸ்ரீபெரும்புதூர் பக்கத்தில் இருங்காட்டுக்கோட்டையில் கொரியாவின் ஹூண்டாய் கம்பெனிக்குத் தொழிற்சாலை இருக்கிறது. அங்கே ஐ-10 என்ற சின்னக் காரைச் செய்து உள்நாட்டிலும் விற்றார்கள், ஐரோப்பாவுக்கும் கப்பலேற்றினார்கள். 2008-ல் ஐரோப்பாவின் சோதனை நிறுவனமான யூரோ என்காப் அந்தக் காரைச் சுவரில் மோதிப் பார்த்து, பெரியவர்களின் பாதுகாப்புக்கு நாலு நட்சத்திரம் கொடுத்தது. 2014 ஜனவரியில் குளோபல் என்காப் என்ற நிறுவனம் இந்தியாவில் விற்கும் ஐந்து சின்னக் கார்களை, காற்றுப்பை இல்லாத மலிவு மாதிரிகளாகப் பார்த்து எடுத்து, அதே 64 கிலோமீட்டர் வேகத்தில் மோதிப் பார்த்தது. மாருதி ஆல்டோ, டாடா நானோ, ஹூண்டாய் ஐ-10, ஃபோர்டு ஃபிகோ, வோக்ஸ்வாகன் போலோ. ஐந்துக்கும் கிடைத்தது பூஜ்யம். ஒரு நட்சத்திரம்கூட இல்லை!

ஆல்டோ, நானோ, ஐ-10 மூன்றின் கூடும் மோதலைத் தாங்காமல் உருக்குலைந்தது, காற்றுப்பை வைத்தாலும் பெரிதாகப் பிரயோஜனமில்லை என்றது அந்த அறிக்கை. ஃபிகோவும் போலோவும் கூடு நிலைத்து நின்றன, காற்றுப்பை இல்லாததுதான் குறை என்றது.

யோசித்துப் பாருங்கள். ஐ-10 செய்த ஊர் ஒன்று. செய்த கைகள் நம் பையன்களின் கைகள். ஐரோப்பாவுக்குப் போன வண்டி நாலு நட்சத்திரம் வாங்குகிறது. காஞ்சிபுரத்தில் விற்ற வண்டி பூஜ்யம் வாங்குகிறது. சோதனை முறைகளில் சில வித்தியாசங்கள் உண்டு, காலமும் ஆறு வருஷம் தள்ளி. அதையெல்லாம் கழித்துவிட்டே பேசுவோம். “நம் ஆளுக்குச் சிரத்தை இல்லை” என்ற வாதம் இங்கே என்ன ஆயிற்று? ஐரோப்பா ஆர்டர் வந்தபோது சிரத்தையோடு வேலை செய்துவிட்டு, உள்நாட்டு ஆர்டர் வந்ததும் சோம்பிவிட்டானா? அல்லவே. அவன் முன்னால் வந்த சாமானை அவன் மாட்டினான். காற்றுப்பை வந்தால் அதை மாட்டினான். அதற்குப் பதில் ஒரு பிளாஸ்டிக் மூடி வந்தால் மூடியை மாட்டினான். என்ன வரவேண்டும் என்று முடிவு செய்தது யார்?

ஃபிகோவை மறைமலைநகரில் செய்தார்கள். அதே ஆலையில் செய்த ஈகோஸ்போர்ட் என்ற வண்டி 2018 வாக்கில் அமெரிக்காவுக்கே போயிற்று. அமெரிக்கச் சட்டம் கேட்ட காற்றுப்பைகள் எல்லாம் அதில் இருந்தன. மறைமலைநகர்த் தொழிலாளிக்குக் காற்றுப்பை மாட்டத் தெரியாது என்று எவனாவது சொல்லமுடியுமா?

கம்பெனிகள் அப்போது சொன்ன சமாதானம் எல்லோருக்கும் ஞாபகமிருக்கும். “இந்திய வாடிக்கையாளர் விலை பார்ப்பவர். காற்றுப்பைக்குப் பணம் கொடுக்கமாட்டார். நாங்கள் சட்டப்படிதான் செய்கிறோம்.” சட்டப்படி என்பது உண்மைதான். அப்போது இந்தியச் சட்டம் மோதல் சோதனையே கேட்கவில்லை. ஆனால் விலை பார்ப்பவன் உயிரைப் பார்க்கமாட்டான் என்று இவர்களுக்கு யார் சொன்னது? கடன் வாங்கி, பெண்டாட்டி நகையை வைத்து, வாடகைக்கு ஓட்ட ஒரு சின்னக் கார் வாங்குகிறவனிடம் “இதோ நாலு நட்சத்திர வண்டி, இதோ பூஜ்ய வண்டி, வித்தியாசம் இவ்வளவு ரூபாய்” என்று எந்த ஷோரூமில் சொன்னார்கள்? கலர் சொன்னார்கள், மைலேஜ் சொன்னார்கள், மாதத் தவணை சொன்னார்கள்.

அப்புறம் நடந்ததுதான் வேடிக்கை. பூஜ்யம் வெளியே வந்ததும் போலோ கம்பெனி காற்றுப்பை இல்லாத மாதிரியை விற்பனையிலிருந்து எடுத்துவிட்டு, எல்லா வண்டியிலும் முன்சீட்டுக்கு இரண்டு காற்றுப்பை வைத்தது. மறு சோதனையில் நாலு நட்சத்திரம். பிறகு சட்டமும் வந்தது. 2017 அக்டோபரிலிருந்து புது மாதிரிகளுக்கும் 2019 அக்டோபரிலிருந்து எல்லாக் கார்களுக்கும் மோதல் சோதனை கட்டாயம். 2019 ஜூலையிலிருந்து டிரைவருக்குக் காற்றுப்பை கட்டாயம். அதுவரை முடியவே முடியாது என்றவர்கள் மறுநாளே செய்து காட்டினார்கள். 2018 டிசம்பரில் டாடா கம்பெனியின் நெக்ஸான் கார் ஐந்து நட்சத்திரம் வாங்கிற்று. இந்தியாவில் செய்து இந்தியாவில் விற்ற வண்டிகளில் அதுதான் முதல். முடியாது என்பது பொய், மனமில்லை என்பதே மெய் என்று அவர்களே நிரூபித்தார்கள். நான் நல்லதைக் குறை சொல்லவில்லை. இவ்வளவு காலம் தாமதித்ததில் எத்தனை குடும்பம் போயிற்று என்றுதான் கேட்கிறேன்.

சரி, டிரைவர் விஷயத்துக்கு வருவோம். விபத்து என்றால் நம் போலீசார் முதலில் எழுதுவது “அதிவேகம், அஜாக்கிரதை.” 2022-ல் செத்தவர்களில் 100-க்கு 71 பேர் அதிவேகத்தால் செத்தார்கள் என்கிறது சர்க்கார் அறிக்கை. வேகம் கொல்லும் என்பதில் சந்தேகமில்லை. குடித்துவிட்டு ஓட்டுகிறவனுக்கு வக்காலத்து வாங்கவும் நான் வரவில்லை. ஆனால் டிரிப்புக்கு இவ்வளவு என்று படி கொடுத்து, நேரத்துக்குப் போகாவிட்டால் பிடித்தம் செய்கிற லாரி முதலாளியின் பெயர் அந்த அறிக்கையில் எந்தக் கட்டத்திலும் வருவதில்லை. வண்டியே துரோகம் செய்திருந்தால்? அதற்கும் கட்டம் இருக்கவேண்டாமா?

அமெரிக்காவில் டெக்சாஸ் மாகாணத்தில் 2004-ம் வருஷம் ஓர் இளம் பெண் காரை ஓட்டிப் போனாள். பக்கத்தில் அவள் மணக்க இருந்தவன். கார் ரோட்டைவிட்டு விலகி மரத்தில் மோதிற்று. அவன் செத்தான். அவளும் படுகாயம். பிரேக் போட்ட அடையாளம் இல்லை, அவள்மீதுதான் தவறு என்றார்கள். அஜாக்கிரதையால் மரணம் விளைவித்தாள் என்று வழக்கு. 2007-ல் அவள் குற்றத்தை ஒப்புக்கொண்டாள். தான்தான் கொன்றோம் என்று அவளே நம்பிவிட்டாள்!

ஏழு வருஷம் கழித்து, 2014-ல் உண்மை வெளியே வந்தது. அது ஜெனரல் மோட்டார்ஸ் கம்பெனியின் வண்டி. சாவி திருப்பும் சுவிட்சில் உள்ளே ஒரு சின்ன ஸ்பிரிங் போதிய பலமில்லை. முழங்கால் இடித்தாலோ, சாவிக்கொத்து கனத்தாலோ, மேடுபள்ளத்தில் குலுங்கினாலோ சாவி தானாகத் திரும்பி எஞ்சின் நின்றுவிடும். எஞ்சின் நின்றால் ஸ்டியரிங் இறுகிப்போகும், பிரேக்கின் பலம் குறையும், காற்றுப்பையும் உப்பாது. ஓடுகிற வண்டியில் இப்படி என்றால் யார்தான் என்ன செய்வார்? 2014 நவம்பரில் கோர்ட்டு அந்தப் பெண்ணின் தண்டனையை ரத்து செய்தது. பத்து வருஷம் ஒரு கொலைப்பழியைச் சுமந்தவளுக்கு ஒரு காகிதம் கிடைத்தது. இதில் கொடுமை என்னவென்றால், அவள் குற்றத்தை ஒப்புக்கொள்ளும் முன்பே கம்பெனி தன் உள்விசாரணையில் தவறு வண்டியுடையது என்று எழுதி வைத்திருந்ததாம். எழுதிய காகிதம் கம்பெனி பீரோவில் தூங்கிற்று. அவள் கோர்ட்டு கூண்டில் நின்றாள்.

அந்தச் சுவிட்சைச் சரிசெய்ய என்ன செலவு? மாற்றுச் சாமான் ஒன்றுக்கு 57 சென்ட் என்று அமெரிக்கப் பார்லிமெண்டு விசாரணையிலே சொன்னார்கள். அரை டாலரைவிடக் கொஞ்சம் கூட. குறையை மேலே சொன்ன எஞ்சினீயர்களும் இருந்தார்கள். 2005-லேயே ஆலோசனைகள் வந்தன. கருவிச் செலவு அதிகம், சாமான் விலை அதிகம், வியாபாரக் கணக்குக்கு ஒத்துவராது என்று தள்ளிவைத்தார்கள். பின்னால் சுவிட்சை ரகசியமாக மாற்றியபோது சாமானின் நம்பரைக்கூட மாற்றவில்லை. எது பழையது, எது புதியது என்று வெளியில் எவனுக்கும் தெரியாமல் போயிற்று. 26 லட்சம் வண்டிகளைத் திரும்ப அழைத்தார்கள். கம்பெனியே அமைத்த நஷ்ட ஈட்டு நிதி 124 சாவுகளை ஒப்புக்கொண்டது. 2015-ல் 90 கோடி டாலர் கட்டி வழக்கைத் தீர்த்துக்கொண்டார்கள். தனி மனிதன் ஒருவனும் ஜெயிலுக்குப் போகவில்லை. டெக்சாஸ் பெண்ணுக்குத்தான் தண்டனை கிடைத்திருந்தது.

இனி தொழிலாளிமீது வரும் பழி. மில் தோழர்களுக்கு இந்தப் பாட்டு புதிதல்ல. மிக்சிங்கில் மட்டப் பஞ்சைக் கலந்துவிட்டு, ஸ்பின்னிங்கில் நூல் அறுந்தால் சைடு பார்க்கிறவளை மேஸ்திரி கேட்பார், “கண் எங்கே போச்சு?” பஞ்சு வாங்கினவர் ஏ.சி. அறையில் இருப்பார். மோட்டார்த் தொழிலில் இதே கதை, கொஞ்சம் பெரிய எழுத்தில்.

அமெரிக்காவில் ஓஹையோ மாகாணத்தில் லார்ட்ஸ்டவுன் என்ற ஊரில் ஜெனரல் மோட்டார்ஸுக்கு ஓர் ஆலை இருந்தது. 1970-லிருந்து அங்கே வேகா என்ற சின்னக் காரைச் செய்தார்கள். மற்ற ஆலைகளில் மணிக்கு 60 வண்டி என்றால் இங்கே 100 வண்டி. ஒரு தொழிலாளி முன்னால் 36 வினாடிக்கு ஒரு வண்டி வந்து நிற்கும். அவன் வேலையை அதற்குள் முடித்தாக வேண்டும், முடியாவிட்டால் வண்டி அப்படியே அடுத்தவனிடம் போய்விடும். இது போதாதென்று 1971-ல் புது நிர்வாகம் வந்து ஆட்களைக் குறைத்து, போனவர்கள் வேலையை இருப்பவர்கள் தலையில் கட்டிற்று. முறுக்காத ஆணியோடு வண்டிகள் வரிசையை விட்டு வெளியே வந்தன. நிர்வாகம் என்ன சொல்லிற்று? நாசவேலை! தலைமுடி வளர்த்த வாலிபர்கள் வேண்டுமென்றே வண்டியைக் கெடுக்கிறார்கள் என்று பத்திரிகைகள் எல்லாம் எழுதின. 1972 மார்ச்சில் அந்தத் தொழிலாளர்கள் மூன்று வாரம் வேலைநிறுத்தம் செய்தார்கள். கூலி உயர்வுக்காக அல்ல, வரிசையின் வேகத்தையும் ஆள்குறைப்பையும் எதிர்த்து.

அதே 1972-ல் வேகா வண்டிகள் லட்சக்கணக்கில் திரும்ப அழைக்கப்பட்டன. என்ன குறை தெரியுமா? பின் அச்சுத்தண்டு நீளம் போதவில்லை, சக்கரம் கழன்று வரக்கூடும். இது தவிர, அலுமினிய எஞ்சின் சூடானால் வளைந்து எண்ணெய் குடித்தது. முன்பக்கத் தகடு சீக்கிரமே துருப்பிடித்தது. அச்சுத்தண்டின் நீளத்தை லார்ட்ஸ்டவுன் வாலிபனின் தலைமுடியா குறைத்தது? வரைபடத்தில் பிழை, அவசரத்தில் பிழை, சிக்கனத்தில் பிழை. திட்டு மட்டும் ஸ்பானர் பிடித்தவனுக்கு.

இதற்கு நேர் எதிரான ஒரு கதையும் அதே நாட்டில் உண்டு. கலிபோர்னியாவில் ஃப்ரீமான்ட் என்ற ஊரில் இருந்த ஜெனரல் மோட்டார்ஸ் ஆலை படுமோசம் என்று பெயர் வாங்கியிருந்தது. தினமும் ஐந்தில் ஒருவர் வேலைக்கு வருவதில்லை. வருகிறவர்களும் நிர்வாகத்தோடு ஓயாத சண்டை. வண்டியின் தரமோ கேட்கவே வேண்டாம். 1982-ல் மூடிவிட்டார்கள். இரண்டு வருஷம் கழித்து ஜப்பானின் டொயோட்டாவும் ஜெனரல் மோட்டார்ஸும் கூட்டுச் சேர்ந்து அதே ஆலையைத் திறந்தார்கள். ஆட்கள்? பெரும்பாலும் அந்தப் பழைய ஆட்களே. அதே சங்கம். கொஞ்ச காலத்திலேயே அங்கே வந்த வண்டிகள் ஜப்பானில் செய்த வண்டிகளோடு தரத்தில் போட்டி போட்டன.

எது மாறிற்று? வேலைமுறை மாறிற்று. முக்கியமாக ஒரு கயிறு வந்தது. வரிசை நெடுகத் தலைக்குமேல் ஒரு கயிறு ஓடும். சாமான் சரியில்லை, பொருந்தவில்லை, நேரம் போதவில்லை என்றால் தொழிலாளி அதை இழுக்கலாம். உடனே குழுத்தலைவர் வந்து உதவுவார். அப்போதும் சரியாகாவிட்டால் வரிசையே நிற்கும். பழைய ஆலையில் வரிசையை நிறுத்துவது மகாபாவம். எவன் செத்தாலும் வரிசை ஓடவேண்டும், கெட்ட வண்டியைப் பின்னால் ரிப்பேர் செய்துகொள்ளலாம் என்பது சட்டம். “இது கெட்டது, இதை விடமாட்டேன்” என்று சொல்லும் அதிகாரம் செய்கிறவன் கைக்கு வந்ததும், அதே கை நல்ல வண்டியைச் செய்தது. “ஜப்பான்காரன் கை” என்று டீக்கடையில் நாம் மெச்சுகிறோமே, அந்தக் கை கலிபோர்னியாவில் அமெரிக்கன் கையாகவே இருந்தது!

இதைச் சொன்னதற்காக டொயோட்டாவுக்கு ஆரத்தி எடுக்கவேண்டாம். கயிற்றோடு கூடவே வேலையின் நெருக்கமும் வந்தது. மூச்சுவிடும் இடைவெளியைக்கூட வினாடி வினாடியாகப் பிழிந்தார்கள் என்று அங்கே தொழிலாளர்களே குறைப்பட்டார்கள். அதே டொயோட்டா, வண்டி தானாக வேகமெடுக்கும் குறையை மறைத்ததற்காக 2014-ல் அமெரிக்க சர்க்காருக்கு 120 கோடி டாலர் கட்டிற்று. அந்த ஃப்ரீமான்ட் ஆலை? நல்ல வண்டி செய்தும் 2010 ஏப்ரலில் மூடிவிட்டார்கள். 4,000-க்கு மேற்பட்டவர்கள் வீட்டுக்குப் போனார்கள். மறைமலைநகரிலும் அதேதான். அமெரிக்காவுக்கு ஏற்றுமதியாகும் தரத்தில் வண்டி செய்த கைகளை 2021 செப்டம்பரில் ஒரு அறிவிப்பில் ஃபோர்டு கம்பெனி வேண்டாம் என்றது. 2022 மே கடைசியில் அந்தத் தொழிலாளர்கள் நியாயமான நஷ்ட ஈடு கேட்டு வேலையை நிறுத்தி உட்கார்ந்தார்கள். அந்த வருஷமே கடைசி வண்டி வரிசையை விட்டு இறங்கிற்று. தரமாகச் செய்தால் வேலை நிலைக்கும் என்று மானேஜர்கள் மேடையில் பேசும்போது இதையும் நினைவில் வைத்துக்கொள்ளலாம்.

“சோஷலிச நாட்டு வண்டி மட்டும் என்ன வாழ்ந்தது?” என்று ஒரு தோழர் குறும்பாகக் கேட்பார். கேட்கட்டும். கிழக்கு ஜெர்மனியில் ஸ்விக்காவ் நகரில் செய்த டிராபான்ட் காரை மறைப்பானேன்? 1964-ல் வந்த மாதிரியை ஏறக்குறைய அப்படியே 1990 வரை செய்தார்கள். புகை, சத்தம், பத்து வருஷத்துக்கு மேல் காத்திருப்பு. ஆனால் அங்கேயும் தொழிலாளியோ எஞ்சினீயரோ சோம்பேறி அல்ல. ஸ்விக்காவ் எஞ்சினீயர்கள் புதுப் புது மாதிரிகளை வரைந்து, செய்தும் வைத்தார்கள். மேலிடம் காசு இல்லை, வேண்டாம் என்று மூடிவிட்டது. அங்கேயும் மேஜைதான் தீர்மானித்தது. செய்கிறவன் பேச்சு ஏறவில்லை. இதை ஒளிக்காமல் சொல்வதுதான் நமக்கு அழகு.

நம் ஆலைகளில் இன்று வரிசையை நிறுத்த எத்தனை பேருக்குத் தைரியம் இருக்கிறது? நிரந்தரத் தொழிலாளி வாய் திறந்தால் மெமோ. கான்டிராக்டு பையன் வாய் திறந்தால் மறுநாள் கேட்டில் அவன் கார்டு வேலை செய்யாது. டிரெயினி பையனுக்கு எப்போதும் இன்னும் ஆறு மாதத்தில் “கன்பர்ம்” ஆகும் என்ற ஆசை. இப்படிப்பட்டவன் ஒரு வெல்டிங் சரியாகப் பிடிக்கவில்லை என்று கண்டால் என்ன செய்வான்? பார்த்தும் பார்க்காததுபோல் விடுவான். அவன் விட்டது ஒரு நாள் எவனோ ஒருவன் கதவில் இருக்கும். தரம், தரம் என்று சுவரெல்லாம் போஸ்டர் ஒட்டுகிற நிர்வாகம், கெட்ட சாமானைக் காட்டிக்கொடுக்கிறவனை வேலையிலிருந்து நீக்கமாட்டோம் என்று ஒரு வரி எழுதிக் கையெழுத்துப் போடட்டுமே! ஒப்பந்தப் பேச்சுவார்த்தைக்கு உட்காரும் சங்கங்கள் சம்பளம், கேண்டீன், போனஸோடு இதையும் ஒரு கோரிக்கையாக வைக்கவேண்டும்: குறை கண்டு நிறுத்தினவனுக்குத் தண்டனை கிடையாது, அவன் சொன்னது பதிவாகவேண்டும், என்ன நடவடிக்கை என்று அவனுக்குப் பதில் வரவேண்டும். கான்டிராக்டு ஆளுக்கும் இதே உரிமை. ஜெனரல் மோட்டார்ஸில் சுவிட்சுக் குறையைச் சொன்ன காகிதங்களுக்கு இப்படி ஒரு பாதுகாப்பு இருந்திருந்தால் அந்த 124 பேரில் பலர் இன்று இருப்பார்கள்.

2023 அக்டோபரிலிருந்து நம் நாட்டுக்கும் பாரத் என்காப் என்று சொந்தமாக நட்சத்திரச் சோதனை வந்திருக்கிறது. வரவேற்கவேண்டியதுதான். ஆனால் அது கம்பெனி விரும்பினால் மட்டும். விரும்பாத கம்பெனி வண்டியை அனுப்பவேண்டியதில்லை. பரீட்சைக்கு வர இஷ்டப்பட்ட பையனுக்கு மட்டும் மார்க்கு என்றால் வாத்தியாருக்கு என்ன தெரியும்? எல்லா மாதிரிக்கும், முக்கியமாக மிக மலிவான மாதிரிக்கு, சோதனை கட்டாயமாக வேண்டும். நட்சத்திரம் எத்தனை என்பது விலைக்குப் பக்கத்தில் ஷோரூமிலேயே, தமிழில், பெரிய எழுத்தில் ஒட்டப்படவேண்டும்.

அப்புறம் விவசாயத் தொழிலாளர்கள் போகிற வண்டி. அதிகாலையில் நடவுக்கும் கரும்பு வெட்டுக்கும் பெண்களையும் ஆண்களையும் குட்டியானை என்று நாம் சொல்லும் சரக்கு வண்டியின் பின்பக்கத்தில் நிற்கவைத்து ஏற்றிப் போகிறார்கள். அந்தப் பின்பக்கத்துக்குக் காற்றுப்பை கிடையாது, பெல்ட் கிடையாது, பிடிக்கக் கம்பிகூடச் சரியாகக் கிடையாது. நட்சத்திரம் கொடுக்க எந்த நிறுவனமும் வராது. அது சரக்குக்கான வண்டி, ஆள் ஏற்றுவது சட்டப்படி குற்றம். வண்டி கவிழ்ந்தால் கேஸ் டிரைவர்மேல். அவனை அமர்த்தி, ஒரே டிரிப்பில் இருபது பேரையும் ஏற்றிவா என்று சொன்ன கான்டிராக்டர் பெயரையும், பஸ் வசதி செய்துகொடுக்காமல் வேலைக்கு மட்டும் ஆள் கேட்ட பண்ணைக்காரர் பெயரையும் அந்த எப்.ஐ.ஆரில் எழுதும்படி வண்டி கவிழ்ந்த ஊர் மக்கள் போலீஸ் ஸ்டேஷனில் உட்கார்ந்து கேட்கவேண்டும்.